தொண்டை அதிரணும்

தாய்மாமனுக்குக் கல்யாணப் பத்திரிகையை ஆள்கிட்டக் குடுத்து விடுற வழக்கம் உங்க பக்கம் உண்டா தம்பி? சும்மா சொல்லுங்க, உண்டா? எங்க பக்கம் கிடையாது. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நேர்ல வந்து, நின்னு குடுக்கணும். என் கூடப்பிறந்த தங்கச்சி, ஒரே தங்கச்சி, பால்காரர்கிட்டக் குடுத்து விட்டுருக்கா. அந்த மனுசன் பால் ஊத்திட்டு, "உங்க தங்கச்சி குடுக்கச் சொன்னாக"ன்னு ஈரக் கையோட நீட்டுறாரு. என் பொண்டாட்டி வாங்கி டிவி மேல வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் அதைத் தொடவே இல்ல.

தொடாம இருந்தா மட்டும் என்ன? தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல. காலையில முத பஸ்ஸப் பிடிச்சு இங்க புளியங்குடிக்கு வந்துட்டேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஊரு இது. பொண்ணு என் தங்கச்சி மக, ரோகிணி. என் தோள்லயே தூங்கி வளந்த பிள்ள. தாலி கட்டுறதப் பாத்தேன். பாத்தாச்சு. இந்தா, இந்த பஸ்ல ராஜபாளையத்துக்குத் திரும்பிட்டேன். காலை நல்லா நீட்டிக்கோங்க தம்பி, எனக்கு இடைஞ்சல் இல்ல. மூட்டையில எலுமிச்சையா? வாசமே சொல்லுது.

நான் என்ன தப்புப் பண்ணேன், அதைச் சொல்லுங்க. நீங்க மூணாம் மனுசன், ரெண்டு பக்கமும் சாயாமச் சொல்லுவீங்க. என் பேரு குருவையா. ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். தங்கச்சி புருசன் பேரு அய்யனார். அவரும் நானும் ஒரே நாள்ல மில்லுக்குள்ள போனவங்க, ஒரே ஷிப்டு, எதிரெதிர் மிஷினு. கார்டிங்ல. பஞ்சைச் சீவி வடம் மாதிரி எடுக்குற இடம் அது. மில்லுக்குள்ள போயிருக்கீங்களா? போனா உங்க காது கேக்காது, உங்க குரலே உங்களுக்குக் கேக்காது. அதனால எங்காளுங்க யாரும் குரல் குடுத்துப் பேச மாட்டாங்க. வாயை மட்டும் நல்லா அகலமா அசைப்போம், கூட ஒரு கைச்சாடை. அவ்வளவுதான். அதை நாங்க வாய்ப்பேச்சும்போம். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் பேசலாம். குரல் எதுக்கு? தொண்டைத் தண்ணி வத்துறதுதான் மிச்சம்.

"என் தங்கச்சியக் கட்டிக்கிறீரா"ன்னு நான் அவர்கிட்டக் கேட்டதே அப்படித்தான், தெரியுமா? மிஷினுக்கு இந்தப் பக்கம் நின்னு வாயை அசைச்சேன். அந்தப் பக்கம் மனுசனுக்குக் காது சிவந்து போச்சு. வாயே அசையல. அப்புறம் மெல்ல, "ஒங்க அம்மாகிட்டக் கேட்டீகளா மச்சான்"ன்னாரு. கேக்கதுக்கு முந்தியே மச்சான் போட்டுட்டாரு பாருங்க! அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு. தங்கச்சி பஞ்சவர்ணமும் கட்டிப் போன கொஞ்ச நாள்லயே வாய்ப்பேச்சு கத்துக்கிட்டா. மாமியாளுக்குத் தெரியாமப் புருசனும் பொண்டாட்டியும் அடுப்படியில நின்னு வாயை வாயை அசைச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் வாசல்ல உக்காந்து படிச்சுருவேன். "அண்ணே, திரும்பி உக்காரு"ம்பா.

நான் படிச்சவன், பத்தாவது பாஸு. அதனால என்னைக் கண்ணாடி ரூமுக்கு ஏத்துனாங்க. மில்லுக்கு நடுவுல உசரத்துல ஒரு ரூம், சுத்திலும் கண்ணாடி. ஏசி. உள்ள சத்தம் வராது. அங்க இருந்தே எந்த மிஷினையும் நிப்பாட்டலாம், ஓட்டலாம். மாப்ள, அய்யனாரு, கீழயேதான் இருந்தாரு. வருத்தமெல்லாம் இல்ல அவருக்கு. கீழ நின்னு கண்ணாடியைப் பாத்து, "மேல காத்து நல்லா வருதா மச்சான்"ன்னு வாயசைப்பாரு. கேலிதான்.

அப்பத்தான் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. சின்ன வயசு. இடுப்பு பெல்ட்டுல மாட்டுற மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், காதுக்கு ஒரு ஸ்பீக்கர், வாய்கிட்ட ஒரு மைக். ஆள் நடந்துக்கிட்டே, எந்த மிஷின்ல என்ன கோளாறுன்னு வாயால சொன்னாப் போதும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு எழுதி என் ஸ்கிரீனுக்கு அனுப்பிரும். "நிப்பாட்டு"ன்னா எனக்குச் சிவப்பு விளக்கு எரியும், நான் பட்டனை அமுக்கணும். யோசனை நல்ல யோசனை. ஆனா முத நாளே படுத்துக்கிருச்சு. மைக்ல மில்லுச் சத்தந்தான் வருது, ஆள் குரல் வரல. மாப்ள நூலுன்னா அது பாலுன்னு எழுதுது, சமயத்துல எழுதவே மாட்டேங்குது. எல்லாரும் சிரிச்சாங்க.

அந்த இன்ஜினியரு விடல. திரும்பப் போயி இன்னொன்னு கொண்டாந்தாரு. கழுத்துப் பட்டை. தொண்டைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பொத்தான் அமுங்குற மாதிரி கட்டிக்கணும். தொண்டை மைக்குன்னு பேரு. அது காத்துல வர்ற சத்தத்தை எடுக்காது தம்பி. தொண்டை அதிருதுல்ல, பேசும்போது, அந்த அதிர்வை மட்டும் எடுக்கும். பக்கத்துல இடி விழுந்தாலும் அதுக்குக் கேக்காது. பொம்பளையாளுக எல்லாம், "என்ன, ஆம்பளைக்கு அட்டிகை போட்டு விட்டாக"ன்னு கேலி பண்ணாங்க. அட்டிகைன்னே பேராகிப் போச்சு.

யாருக்குப் போட்டு விடலாம்னு மேல கேட்டாங்க. நான்தான் மாப்ள பேரைச் சொன்னேன். நல்லதுக்குத்தான். நாளைக்கு அவரும் கண்ணாடி ரூமுக்கு வரணும்ல. அவருக்கு இஷ்டமில்ல. "கழுத்துல எதையோ கட்டி ஓட்டுற மாதிரி இருக்கு மச்சான், வேணாம்"னாரு. நான்தான் பஞ்சவர்ணத்துக்கிட்டச் சொல்லி, அவ சொல்லி, போட்டுக்கிட்டாரு.

முத முதலா அவரு அதைக் கட்டிக்கிட்டுப் பேசுன நாளை என்னால மறக்க முடியாது. நான் மேல ஹெட்போன் மாட்டி உக்காந்திருக்கேன். கீழ மில்லு ஓடுது. காதுல ஒரு இரைச்சல் இல்ல, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. அதுக்கு நடுவுல, "மச்சான், கேக்குதா?" அப்படின்னு மாப்ள குரல். பூட்டுன வீட்டுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி. தம்பி, அத்தனை வருசம் மில்லுக்குள்ள ஒண்ணா வேலை பாத்திருக்கோம், உள்ள வச்சு அவரு குரலை நான் கேட்டதே இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "கேக்குது மாப்ள"ன்னேன், கேக்குது கேக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு எச்சில் முழுங்குறது கூடக் கேட்டுச்சு.

ஆனா ஒண்ணு. குரல் எழுப்பணும். குசுகுசுன்னாக்கூட அது எடுக்காது. தொண்டை அதிரணும். இன்ஜினியரு தெளிவாச் சொல்லிக் குடுத்தாரு, நானும் சொன்னேன். மாப்ளைக்கு அதுதான் வரல. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்கல்ல. கொஞ்ச நேரம் குரல் குடுத்துப் பேசுவாரு, அப்புறம் பழைய மாதிரி கண்ணாடியைப் பாத்து வாயை அசைச்சுக்கிட்டு நிப்பாரு. ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. நான் கண்ணாடியைத் தட்டி, என் தொண்டையத் தொட்டுக் காட்டுவேன். குரல் குடுங்க, குரல் குடுங்க! அவரு நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு.

இருங்க, வாசுதேவநல்லூர்ல டீக்கு நிப்பாட்டுவான். இப்பத்தான் கண்டக்டர் டிரைவர்கிட்டச் சொல்றான், "ஸ்டாண்டுல ஒரு டீயப் போட்டுட்டுப் போயிருவோம்"னு. எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னா பாக்கீங்க? இந்த இரைச்சல்ல, அம்புட்டுத் தூரத்துல இருக்கான், எங்க கேக்கும்? முன்னாடி கண்ணாடியில அவன் வாய் தெரியுதுல்ல, அதான். எனக்கு டீ வேணாம் தம்பி. நீங்க போறதுன்னா இறங்கிக் குடிச்சுட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கிடுதேன்.

வேணாமா? சரி.

எங்க விட்டேன்? ஆங், பழக்கம். இந்தப் பழக்கத்தை எப்படியாவது மாத்தணும்னு நான் ஒரு வழி பண்ணேன். ஒருநாள் கேன்டீன்ல வச்சு மாப்ளகிட்டச் சொல்லிட்டேன். "இனிமே நீரு வாயசைச்சா நான் நிமிந்து பாக்க மாட்டேன். எதுன்னாலும் குரல்லதான் வரணும். அப்பத்தான் உமக்குப் பழகும்." அவரு, "அதுவும் சரிதான் மச்சான்"ன்னாரு. ஒத்துக்கிட்டாரு தம்பி! அதைத்தான் இப்ப யாரும் பேச மாட்டேங்காங்க. அதுக்கப்புறம் நான் சொன்ன சொல்லுல நின்னேன். கீழ கை ஆடும், வாய் ஆடும், நான் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, எதிர்ல நிக்கவன் மாப்ள. ஆனா பலன் இருந்துச்சுல்ல! ரெண்டு மாசத்துல மனுசன் ரேடியோக்காரன் மாதிரிப் பேசப் பழகிட்டாரு. இன்ஜினியரு என்னைக் கைகுடுத்துப் பாராட்டிட்டுப் போனாரு.

அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கப் போற நேரம். ஒரு மிஷின்ல பஞ்சு அடைச்சுக்கிருச்சு. மாப்ள சைடுல குனிஞ்சு எடுக்காரு. முழுக்கைச் சட்டை. சட்டைக் கை பெல்ட்டுல மாட்டிருச்சு. பெல்ட்டு உடனே இழுத்துறாது தம்பி, துணிய முதல்ல சுத்தும். கொஞ்சங் கொஞ்சமாச் சுத்தும். நிப்பாட்டுற சுவிட்சு அந்தப் பக்கம், கைக்கு எட்டாது. ஆனா கழுத்துல அட்டிகை இருக்கே! "நிப்பாட்டு"ன்னு ஒரு சொல்லு. ஒரே சொல்லு. சத்தமாக்கூட வேணாம், தொண்டை லேசா அதிர்ந்தாப் போதும். என் விரல் பட்டன் மேலதான் இருக்கு.

சொல்லல. பதட்டத்துல மனுசனுக்குப் பழைய மில்லுப் புத்தி வந்துருச்சு. கண்ணாடியைப் பாத்து வாயை அசைச்சிருக்காரு. இடது கையை ஆட்டியிருக்காரு. வெள்ளத்தாய்னு ஒரு பொம்பளையாளு, அந்தக் கோடியில கூட்டிக்கிட்டு இருந்தவ, அவ பாத்திருக்கா. "நிப்பாட்டுங்க மச்சான், நிப்பாட்டுங்க மச்சான்னு சொன்னாரு, நீங்க குனிஞ்சே இருந்தீக"ன்னு பின்னால ஊரெல்லாம் சொன்னா. அவதான் வெளக்கமாத்தப் போட்டுட்டு ஓடிவந்து சுவிட்சை அமத்துனது.

எனக்கு ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. சத்தியமாச் சொல்றேன், ஒண்ணும் வரல. கடைக்கண்ணுல கீழ ஒரு கை ஆடுற மாதிரி இருந்துச்சு. இருந்துச்சு. நான் என்ன நினைப்பேன்? பழைய பழக்கம் திரும்பிருச்சுன்னு நினைச்சேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல, நிமிரல. அப்புறம் ஹெட்போன்ல குரல் வந்துச்சு தம்பி. அது சொல்லு இல்ல. அலறல். சுத்தமா, ஒரு இரைச்சல் கலக்காம, என் ரெண்டு காதுக்குள்ளயும் வந்துச்சு. கம்ப்யூட்டருக்கு அது என்னன்னு தெரியல, ஒண்ணும் எழுதல. நான் பட்டனை அமுக்குறதுக்குள்ள வெள்ளத்தாய் அமத்திட்டா. வலது கை போயிருச்சு, முழங்கைக்கு மேல. இப்பவும் சில நாள் குளிக்கும்போது காதுல தண்ணி போனா அந்தச் சத்தம் வரும்.

விசாரணை வச்சாங்க. மேனேஜரு, கோயம்புத்தூர் இன்ஜினியரு, இன்னும் ரெண்டு பேரு. கருவி நல்லா இருந்துச்சான்னு கேட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னேன், அதான உண்மை? அலறல் வந்துச்சே, அப்பக் கருவி நல்லாத்தான இருந்திருக்கு? கருவி மேல பழி போட முடியுமா? குரல் வந்துச்சான்னு கேட்டாங்க. வரலைன்னேன். அப்புறம் மேனேஜரு கேட்டாரு, "அய்யனார் வாயசைச்சுச் சொன்னேங்கிறாரு. நீங்களும் கீழ இருந்து வந்தவரு. பாத்திருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

நான், "அதெல்லாம் விட்டுப் போச்சு சார், மேல வந்து எத்தனையோ வருசமாச்சு, மறந்து போச்சு"ன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? புரிஞ்சிருக்கும்னு சொன்னா, ஏன் பாக்கலைன்னு அடுத்த கேள்வி வரும். அப்புறம் கேன்டீன்ல பேசுனது வரும். அது எங்க குடும்பத்துக்குள்ள பேசுனது, அவரு நல்லதுக்குச் சொன்னது, அதை அங்க வச்சு விளக்க முடியுமா? கடைசியில, தொழிலாளி கருவியை முறைப்படி பயன்படுத்தல, அவரு கவனக்குறைவுதான்னு முடிச்சுட்டாங்க. மில்லு கேட்டுலயாவது ஒரு வேலை குடுங்கன்னு மாப்ள கேட்டாரு. கவனக்குறைவுன்னு ஆன பிறகு எப்படிக் குடுப்பாங்க? அன்னைக்குப் பதில் சொல்லிட்டு ரூமை விட்டு வெளிய வந்தேன். பஞ்சவர்ணம் கதவோரத்துல நிக்கா. எல்லாம் கேட்டுருக்கா. என் மூஞ்சியையே பாத்தா. "வாய்ப்பேச்சு மறந்து போச்சாண்ணே?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. நான், "ஆமாம்மா"ன்னேன்.

அதுக்கப்புறம் இன்னைக்கு வரை என்கூட ஒரு வார்த்தை இல்ல. தீபாவளிக்குச் சீலை எடுத்துட்டுப் போனா வாசல்லயே வாங்கிக் கொடியில போட்டுட்டு உள்ள போயிருவா. மாப்ள திட்டியிருந்தாக்கூட மனசு ஆறும். அவரு இடது கையால ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மச்சான்"ம்பாரு. எனக்கு அங்க உக்கார முடியாது. அந்தச் சட்டைக் கைய மடிச்சு ஊக்குக் குத்தியிருப்பா. அதைப் பாத்துக்கிட்டு எப்படி உக்கார?

இன்னைக்கு மண்டபத்துல, மாமன் மாலை போடுற நேரத்துக்குப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு முன்வரிசைக்குப் பின்னாலயே நின்னேன். வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு நின்னேன் தம்பி. ஒன்னுவிட்ட பெரியம்மா மகன் ஒருத்தனைக் கூப்பிட்டாங்க. அவன் போட்டான். ரோகிணி நிமிந்து கூட்டத்துல யாரையோ தேடுற மாதிரி இருந்துச்சு. என்னையத்தான்னு நினைச்சுக்கிட்டேன். மேளம் கொட்டுது, பக்கத்துல நிக்கவன் என்ன பேசுறான்னு கேக்கல, அப்படிச் சத்தம். தாலி கட்டி முடிஞ்சதும் கிளம்புவோம்னு திரும்புறேன். மேடை ஓரத்துல இருந்து மாப்ள என்னைப் பாத்துட்டாரு. இடது கையைத் தூக்கி, அத்தனை பேருக்கு மேலால, என்னைப் பாத்து வாயை அசைச்சாரு. நல்லா அகலமா, மில்லுல பேசுற மாதிரி.

பக்கத்துலயே பஞ்சவர்ணம். அவ மாப்ளையப் பாக்கல. என்னைய மட்டுமே பாத்துக்கிட்டு நிக்கா, கண்ணைக் கூட இமைக்கல. நான் என்ன செய்வேன்? தலையாட்டியிருந்தா, அன்னைக்கு அந்த ரூம்ல சொன்னது என்னாகும்? புரியாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டேன். காதுகிட்டக் கையை வச்சு, கேக்கலைன்னு காட்டுனேன். மாப்ள சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை சொன்னாரு. நான் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சு வெளிய வந்துட்டேன். வாசல்ல சந்தனம் நீட்டுன பிள்ளையக்கூட நிமிந்து பாக்கல.

சிவகிரி வந்துருச்சு. நீங்க இங்கதான இறங்கணும்? மூட்டையப் பிடிக்கிறேன், மெதுவா.

என்ன கேக்கீங்க? மாப்ள என்ன சொன்னாருன்னா?

"சாப்பிட்டுப் போங்க மச்சான்"னு சொன்னாரு தம்பி. "இலை போட்டாச்சு, உங்களுக்காகத்தான் நான் இன்னும் உக்காரல"ன்னு.